கற்பகத்தை இரண்டு முறை அறிமுகம் செய்தேன்

1

எங்கள் அலுவலகத்தில் புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால், அந்தத் திங்கட்கிழமை காலை எல்லோரும் தேநீர்க் கோப்பையோடு நடுக்கூடத்தில் வந்து நிற்பார்கள். பிஸ்கட் டப்பாவைத் திறப்பார்கள். பழைய ஆள் ஒருவர் மூன்றே விஷயம் சொல்வார்: இவர் பெயர் இது, முன்பு இந்த வேலை பார்த்தார், இங்கே இந்த வேலை பார்க்கப் போகிறார். புதியவர் சிரிப்பார். தேநீர் ஆறுவதற்குள் எல்லோரும் அவரவர் மேசைக்குத் திரும்பிவிடுவார்கள். எந்த ஊர், யார் பிள்ளை, கல்யாணம் ஆகிவிட்டதா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்பது மரியாதையில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறினால், பக்கத்தில் உட்காரும் அம்மாள் வல்லம் தாண்டுவதற்குள் இதையெல்லாம் கேட்டு முடித்திருப்பாள். ஒரகடத்தில் நான் இறங்கும்போது, "கம்பவுண்டர் பொண்ணா நீ? அப்பாவ நான் விசாரிச்சேன்னு சொல்லு" என்பாள். என் பெயரை மட்டும் கேட்டிருக்க மாட்டாள். அது அவளுக்குத் தேவைப்பட்டதில்லை.

இங்கிலாந்தின் வடபகுதியில், மழை விடாத ஓர் ஊரில், ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். மலேசியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு அறை பிடித்துக் கொடுப்பது, எந்த டாக்டரிடம் பதிந்துகொள்வது என்று சொல்வது, விசாவை நீட்டிக்கப் பாஸ்போர்ட்டை லண்டனுக்கு அனுப்பிவிட்டு அது எப்போது திரும்பி வரும் என்று அவர்களோடு சேர்ந்து கவலைப்படுவது, இதெல்லாம் என் வேலை. கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் எனக்குப் பிறவியிலேயே தகுதி உண்டு.

2

நான் சேர்ந்த அன்று எனக்குத் தேநீர் கிடைத்தது, அறிமுகம் கிடைக்கவில்லை. தலைவி மிஸஸ் ஹார்ட்லி அன்று விடுப்பு. யாரோ ஒருவர் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே என் பக்கம் கையைக் காட்டி, "இவர் எஸ்தர். இப்போதைக்கு இங்கே உட்காருவார்" என்றார். அந்த 'இப்போதைக்கு' மூன்று வருடமாகக் கூடவே வருகிறது. ஒவ்வொரு கோடையிலும் என் வேலையை இன்னொரு வருடத்துக்கு நீட்டிக்கிறார்கள். மாணவர்களின் விசாவைப் போலத்தான்.

மறுநாள் மிஸஸ் ஹார்ட்லி வந்தபோது, "நேற்று என்னை அறிமுகம் செய்ய விட்டுப்போயிற்று" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் குறை சொல்வதாக நினைப்பாரோ என்று இருந்துவிட்டேன். அதன் பிறகு சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. பிறகு, இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் வேடிக்கையாக இருக்குமே என்று தோன்றியது. என் யோசனைகள் எல்லாமே இந்த வழியாகத்தான் போகும்.

ஆனாலும் ஒன்று எனக்கு என்று இருந்தது. வாசல் பலகையில் மாட்டியிருக்கும் ஊழியர் புகைப்படங்களில் புடவை கட்டிய முகம் என்னுடையது ஒன்றுதான். நம் பக்கத்துப் பிள்ளை ஒருவன் நனைந்த கோட்டோடு உள்ளே வந்தால், பலகையைப் பார்த்துவிட்டு நேரே என் மேசைக்கு வருவான். அந்தச் சில அடி தூரம் அவன் நடந்து வருவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

இந்தச் செப்டம்பரில் கற்பகம் வந்தாள்.

3

"எஸ்தர், புதிய பெண் உங்கள் ஊர்க்காரியாம். திங்கட்கிழமை நீங்களே அறிமுகம் செய்யுங்களேன்," என்றார் மிஸஸ் ஹார்ட்லி. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

அவள் எங்கள் ஊர் இல்லை, குன்றத்தூர். மலைமேல் முருகன் கோயில் இருக்கிற ஊர். எங்கள் ஒரகடத்திலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். இதை மிஸஸ் ஹார்ட்லிக்கு எப்படி விளக்குவது? சரி என்றேன்.

ஞாயிறு முழுவதும் அந்த மூன்று வாக்கியத்தை மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன். என்னை யாரும் அறிமுகம் செய்யாத இடத்தில் நான் இன்னொருத்தியை அறிமுகம் செய்ய வேண்டும். குறை வைக்கக் கூடாது, கூட்டியும் சொல்லக் கூடாது. திங்கட்கிழமை சொன்னேன்: இவர் கற்பகம். சென்னையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். இங்கே முன்கவுண்டரைப் பார்த்துக்கொள்வார். அவ்வளவுதான். பிசகில்லாமல் கடமையைச் செய்துவிட்டேன்.

புதியவர் சிரிக்க வேண்டும், பேசக் கூடாது என்பது வழக்கம். அவளுக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்? "எந்த லைன் எங்கிட்ட வந்தாலும் கட் ஆகாது. என் வீட்டுக்காரர் போனை வைக்கப் பார்த்தால்கூட முடியாது" என்றாள் அவளுடைய ஆங்கிலத்தில். எல்லோரும் சிரித்தார்கள். மிஸஸ் ஹார்ட்லி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று வருடத்தில் நான் அவரை அப்படிச் சிரிக்க வைத்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் என் மேசைக்கு வந்து குனிந்தாள். "இன்னாக்கா, மூஞ்சிய இப்டி வெச்சினு கீறீங்க? நான் எதனா தப்பா சொல்ட்டனா?"

"இல்லையே. நல்லாத்தான் பேசினீங்க."

"நீங்க ஒரகடம்னு சொன்னாங்க. நம்மாளு ஒருத்தங்க உள்ள கீறாங்கன்ன உடனே எனக்குப் பாதி குளிரு வுட்டுப் போச்சு."

நான் சிரித்துவைத்தேன். அவள் இன்னும் எதையோ எதிர்பார்த்து ஒரு நொடி நின்றாள். பிறகு கவுண்டருக்குப் போய்விட்டாள்.

ஒரே வாரத்தில் பலகையில் இன்னொரு புடவை முகம் ஏறியது. அதில் அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நுழைகிற பிள்ளைகள் முதலில் பார்ப்பதும் அவள் கவுண்டரைத்தான். என் மேசை வரை நடக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

4

என் மகள் நிம்மிக்கு ஐந்தரை வயது. பள்ளிக்கூடம் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருதான். மூன்றரை மணிக்கு அழைத்து வந்தால், ஐந்து மணி வரை என் மேசைக்கு அடியில் வண்ணப் பென்சில்களோடு உட்கார்ந்திருப்பாள். மிஸஸ் ஹார்ட்லி பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார்.

நிம்மி பள்ளியில் சேர்ந்த முதல் பருவத்தில், வகுப்பு ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "குழந்தை குழம்புகிறாள். வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுங்கள், சீக்கிரம் பிடித்துக்கொள்வாள்" என்றார். படித்தவர் சொல்கிறார், குழந்தைகளை அறிந்தவர் சொல்கிறார் என்று அப்படியே செய்தேன். சோறு ஊட்டும்போதும் ஆங்கிலம், குளிப்பாட்டும்போதும் ஆங்கிலம். என் கணவர் மட்டும் "என்ன எஸ்தர் இது, நம்ம வீட்டுல பி.பி.சி. நடக்குது" என்று கேலி செய்தார். ஆசிரியை சொன்னபடியே குழந்தை சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் தமிழுக்குத் திரும்பியபோது அவள் கூட வரவில்லை. நான் தமிழில் கேட்டால் புரிந்துகொள்வாள். பதில் ஆங்கிலத்தில் வரும். வற்புறுத்தினால் வாயே திறக்க மாட்டாள். ஆசிரியை பேச்சைக் கேட்டது சரியா தப்பா என்று நான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆசிரியையோ அந்த வருடமே வேறு பள்ளிக்குப் போய்விட்டார்.

ஊரில் அப்பாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. கடிதம் படிக்க முடியாது. படித்துக் காட்டத் தம்பி இருக்கிறான், ஆனால் அவனுக்கு மறைமலை நகரில் புதிதாக வந்திருக்கிற தொழிற்சாலையில் வேலை. ஷிஃப்ட், ஓ.டி. என்று வீட்டில் தங்குவதே இல்லை. அதனால் அப்பாவும் நானும் கேசட் அனுப்பிக்கொள்கிறோம். அக்டோபரில் வந்த கேசட்டில் அப்பா ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்.

"எஸ்தரு, டிசம்பர்ல கண்ண ஆபரேசன் பண்றேன்றாங்க. பயம் ஒண்ணும் இல்லம்மா. பேத்தி பேசனத நான் ஒரு வாட்டிகூடக் கேட்டதில்ல. இங்கிலீஷ்ல ஏதோ பாட வெச்சு அனுப்புறே, எனக்கு இன்னா புரியுது அது? தாத்தான்னு கூப்ட்டு நம்ம பேச்சுல ரெண்டு வார்த்தை பேசச் சொல்லு. அத காதுல போட்டுக்கினு போயி படுத்துடறேன்."

நாற்பது வருடம் மிஷன் மருந்தகத்தில் நோயாளிகளுக்குத் தைரியம் சொன்ன மனிதர். அந்தக் குரலில் இருந்தது என்ன என்று எனக்கா தெரியாது?

5

அக்டோபர் நடுவில் நிம்மி என் மேசைக்கு அடியிலிருந்து கவுண்டருக்கு அடிக்கு மாறினாள். ஒருநாள் மாலை மாணவன் ஒருவனின் ஃபைலை எடுத்துக்கொண்டிருந்தபோது கவுண்டர் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது.

"சோறு துன்னியா?"

"துன்னேன்."

"இன்னா சோறு?"

"ஸ்கூல் சோறு. ஒரே உப்பு. வாணாம்."

"வாணாம்னு வுட்டுட்டு வந்துட்டியா? இரு, எங்கிட்ட முறுக்கு கீது."

அது என் மகள். ஒரு வருடமாக நான் கெஞ்சியும் கொஞ்சியும் மிரட்டியும் வெளியே கொண்டுவர முடியாத தமிழ், எந்தத் தயக்கமும் இல்லாமல், கவுண்டருக்கு அடியில் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தது. கையில் இருந்த ஃபைலை எந்த எழுத்துத் தட்டில் வைக்க வேண்டும் என்பது எனக்கு மறந்துபோயிற்று.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. ஊரில் சொல்வார்களே, அது வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே அந்த இடத்தில்தான் எரிகிறது.

எரிச்சலுக்கு ஒரு காரணம் கண்டுபிடிப்பது எளிது. 'துன்னியா' என்பதைப் பிடித்துக்கொண்டேன். சிறுவயதில் மருந்தக வாசலில் விளையாடும் பிள்ளைகளோடு நானும் அப்படித்தான் பேசினேன். அம்மா அடித்துத் திருத்தினாள். இத்தனை பாடுபட்டுத் திருத்திய நாக்கின் மகள், கடல் தாண்டி வந்து அதையே பேசுகிறாளே!

"கற்பகம், குழந்தைகிட்ட கொஞ்சம் நல்ல தமிழ்ல பேசுங்களேன்" என்றேன் மறுநாள்.

அவள் கோபப்படவில்லை. "நல்ல தமிழ் நீங்க சொல்லிக் குடுங்கக்கா. எனக்கு வர்றது இதான். பாப்பா நல்லாப் பேசுது இல்ல? ஒரு வார்த்தை ரெண்டு வாட்டி சொல்ல வாணாம், புட்சுக்குது."

அவளுக்குக் குழந்தை இல்லை. என் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள், முறுக்குக் கொடுக்கிறாள். அவள்மேல் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லாததுதான் பெரிய தொல்லை.

6

நவம்பர் கடைசியில் மாணவன் ஒருவன் சென்னைக்குப் போவதாகவும் கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் சொன்னான். புறப்படுவது வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு மதியம் சமையலறை மேசையில் டேப் ரிக்கார்டரை வைத்து, நிம்மியை எதிரே உட்காரவைத்தேன்.

"தாத்தாவுக்கு வணக்கம் சொல்லும்மா. 'தாத்தா, எப்படி இருக்கீங்க'ன்னு கேளு."

அவள் சுழலும் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கற்பகத்துக்கிட்ட மட்டும் பேசறியே! அம்மாகிட்ட பேசினா என்ன?"

"நீ கரெக்ட் பண்ணுவே" என்றாள் ஆங்கிலத்தில். நாற்காலியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள்.

வாசற்படியில் நின்றிருந்த என் கணவர் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துப் பாரேன், எஸ்தர். உங்கப்பாவுக்கு வேண்டியது பேத்தி குரல்தானே?"

"எங்கப்பாகிட்ட என் மகளைப் பேசவைக்க எனக்கு ஊரான் துணை வேணுமா?"

"ஊரான் எங்க? குன்றத்தூர்தானே."

அவர் சிரிக்க வைக்கப் பார்த்தார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. அப்பா கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் காட்சி ஒரு பக்கம். கவுண்டரில் போய் "கற்பகம், ஒரு உதவி" என்று நான் நிற்கும் காட்சி ஒரு பக்கம். இதில் எது தாங்கமுடியாதது என்று இரண்டு நாள் எடைபோட்டேன் என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை ரிக்கார்டரைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் கேலி எதுவும் செய்யவில்லை. "தாத்தாவுக்கா? குடுங்கக்கா" என்று வாங்கிக்கொண்டாள். எனக்கு மிஸஸ் ஹார்ட்லியின் அறையில், காலாவதியான விசா ஒன்றைப் பற்றிய கூட்டம் இருந்தது. கதவு மூடும்போது நிம்மி ரிக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

7

மறுநாள் மதிய உணவு வேளையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேசட்டைப் போட்டேன்.

கற்பகம் அவளைக் கேள்வி கேட்கவில்லை. பாடு என்றும் சொல்லவில்லை. புதிய ஆள் வந்தால் நாங்கள் செய்கிற அந்தச் சடங்கை விளையாட்டாக்கியிருந்தாள். புதிய ஆள், தாத்தா. நிம்மி அலுவலகம் முழுக்க நடந்து ஒவ்வொருவராகத் தாத்தாவுக்கு அறிமுகம் செய்துகொண்டு போகிறாள். அவள் காலடிச் சத்தம்கூடக் கேட்டது.

"தாத்தா, இது டெலிபோனு. இது மணி அடிக்கும். இவுரு டோனி. பெரிய மீசை. பிஸ்கட்டு எல்லாம் இவுரே துன்னுடுவாரு. இது கற்பகம் சித்தி. சித்திகிட்ட முறுக்கு கீது." 

பிறகு காலடிகள் என் மேசைப் பக்கம் வந்தன. "இது அம்மா நாற்காலி. அம்மா உள்ள கீறாங்க. இது எங்க அம்மா..." குரல் நின்றது. அம்மாவைப் பற்றி என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. என்னை அந்த அலுவலகத்தில் யாரும் அறிமுகம் செய்து அவள் கேட்டதில்லையே.

அப்போது தாழ்ந்த குரலில் கற்பகம்: "யாரு வூட்டுப் பொண்ணுன்னு சொல்லு."

அந்தக் குரல் முடிவதற்குள்ளேயே என் மகள் அதன்மேல் ஏறிப் பேசினாள்: "இது எங்க அம்மா எஸ்தரு. ஒரகடம் கம்பவுண்டரு பொண்ணு. தாத்தா, உன் பொண்ணு!"

மூன்று வருடம் கழித்து அந்த அலுவலகத்தில் எனக்கு அறிமுகம் ஆயிற்று.

நான் அழுதேன் என்பது உண்மை. அழுது முடித்ததும் என்ன செய்தேன் என்பதும் உண்மை: டேப்பைப் பின்னால் ஓட்டி, கற்பகத்தின் அந்த ஒரு வரியை மட்டும் அழிக்க முடியுமா என்று பார்த்தேன். அப்பா கேட்கும்போது குழந்தை தானாகச் சொன்னதாக இருக்கட்டுமே, இல்லாவிட்டால் அம்மா சொல்லிக்கொடுத்ததாக இருக்கட்டுமே என்று. முன்னும் பின்னும் ஓட்டிக் கேட்டேன். இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. அவளை அழித்தால் 'எங்க அம்மா' போய்விடும்.

அப்படியே உறையில் போட்டு அந்த மாணவனிடம் கொடுத்தேன்.

8

இந்த வாரம் அப்பாவின் பதில் கேசட் வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். கட்டு அவிழ்த்தாயிற்று. லீவு போட்டுக் கூட இருக்கிற தம்பி கேசட்டைத் தினமும் போட்டுக் காட்டுகிறானாம். நர்ஸம்மாவுக்கும் போட்டுக் காட்டினாராம். 'பிஸ்கட்டு எல்லாம் இவுரே துன்னுடுவாரு' என்ற இடத்தில் வார்டே சிரித்ததாம். நான் நல்ல மகளாக எல்லாவற்றையும் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். கடைசியில் அப்பா சொன்னார்:

"ஆமா, நடுவுல ஒரு பொண்ணு சன்னமாப் பேசுதே, 'யாரு வூட்டுப் பொண்ணு'ன்னு. நம்ம பக்கத்துக் குரலு. யாரும்மா அது? அவ யாரு வூட்டுப் பொண்ணு?"

அப்பாவுக்கும் அவள் வேண்டியிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. செப்டம்பரிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் வல்லம் தாண்டுவதற்குள் கேட்டுவிடுகிற கேள்வியை நான் இவளிடம் கேட்கவே இல்லை. முதல் நாள் என் மேசைக்கு முன்னால் அவள் ஒரு நொடி நின்றது அதற்காகத்தானோ?

நேற்று தேநீர் வேளையில் ரிக்கார்டரோடு கவுண்டருக்குப் போனேன்.

"கற்பகம், உங்கப்பா யாரு? எங்கப்பா கேக்கறார்."

"இப்பதான் கேக்கறீங்க" என்றாள். சிரித்தாள். சிரிப்பு வழக்கம்போல நீளவில்லை. "அப்பா குன்றத்தூர்லதான் கீறாரு. மலை அடிவாரத்துல பூக்கடை. நான் இவுர இஷ்டப்பட்டுக் கட்டிக்கினேன் இல்ல, அதுலேர்ந்து... எம் பொண்ணுன்னு எங்கியும் சொல்லிக்காதன்ட்டாருக்கா. சொல்லிக்கறதில்ல."

நம் பக்கத்தில் ஒரு பெண்ணிடமிருந்து பறித்துக்கொள்ள, இன்னார் பெண் என்பதைவிட வேறு என்ன இருக்கிறது? வாசலில் மாணவர்கள் யாருடைய மேசைக்குப் போகிறார்கள் என்று நான் இத்தனை மாதம் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். இவளோ என் மகளுக்கு, என்னை என் அப்பாவின் பெயர் சொல்லி அறிமுகம் செய்யக் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

ரிக்கார்டரை இருவருக்கும் நடுவில் வைத்துப் பொத்தானை அமுக்கினேன். இந்தத் தடவை மனதுக்குள் எழுதிப் பார்க்கவில்லை.

"அப்பா, நீங்க கேட்ட பொண்ணு இதுதான். பேரு கற்பகம். குன்றத்தூர். இவ போன் எடுத்தா லைன் கட் ஆகாது. நிம்மிக்குத் தமிழ் இவதான் கொண்டுவந்தா, நான் இல்லே. அது எனக்கு ரொம்பப் பொறாமையா இருக்குப்பா. இன்னும் போகல."

கற்பகம் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அத ஏங்க்கா சொன்னீங்க? அழிங்க மொதல்ல, அழிங்க."

"அழிக்க முடியாதுடி" என்றேன். "அழிச்சா உன் பேரும் போயிடும்."